இரண்டாவது ஜெல்

“இதுல என்னட்டி இருக்கு? தங்கமா, தவிடா? எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்.”

ஐஸ் பெட்டியை ஜெசிந்தா மேஜைமேல் வைத்த வேகத்தில் உலகம்மாளின் டீ டம்ளர் கவிழ்ந்தது. டீ வழிந்து தரையில் சொட்டியதை ஜெசிந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக நிறுத்தினாள்.

இருவரும் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஜெசிந்தா டாக்டருக்குப் படித்து அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனாள். உலகம்மாள் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, நாலுவழிச் சாலையோரம் இருந்த சொர்ணதாரா மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைத் துறைக்குத் தலைவியானாள். ஜெசிந்தா கொண்டுவந்த குப்பிகள், ஏழைகளுக்கான அரசுத் திட்டத்துக்காக அந்தத் தொழிற்சாலையில் செய்தவைதான். ஊரெல்லாம் அதற்குத் தங்க ஊசி என்று பெயர்.

பெயர் பொய்யில்லை. குப்பிக்குள் இருப்பது தங்கத் துணுக்குகள். ஒரு மயிரிழையின் அகலத்தை நிரப்ப ஆயிரக்கணக்கில் வேண்டும், அவ்வளவு சிறியவை. ஒவ்வொரு துணுக்கின்மேலும் மருந்து ஒட்டியிருக்கும். மூளையைச் சுற்றிலும் இயற்கை கட்டிவைத்திருக்கும் வேலியைத் தாண்டி உள்ளே போய், அங்கிருக்கும் புற்றுக்கட்டியை அது பிடித்துக் கரைக்க வேண்டும். அந்த வேலியில் நுழைய துணுக்கின் அளவு சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பெரிதானாலும் வேலி விடாது. விடாத தங்கத்தை ஈரல்தான் விழுங்கி வைத்துக்கொள்ளும்.

“என் வார்டுல எல்லாருக்கும் கண்ணு மஞ்சளாயிட்டு வருது. கட்டி அப்படியே வளருது” என்றாள் ஜெசிந்தா. “ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரி. அங்க போன வருஷம் இதே ஊசியப் போட்டவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போய்ட்டாங்க. என் ஆளுங்க மட்டும் ஏன் போகல?”

“ஒவ்வொரு பேட்ச்சையும் நான் பாத்துத்தான் வெளிய விடுதேன்.”

“அப்ப இப்பப் பாரு. என் கண்ணு முன்னால பாரு.”

உலகம்மாளுக்கும் கோபம் வந்தது. தன் வேலையைச் சந்தேகப்பட்டால் அவளுக்குப் பொறுக்காது. எழுந்து ஜெல் காய்ச்சினாள்.

கடல்பாசியிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றினால், நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்புபோலவே இறுகி நிற்கும். ஒரு ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழிகளில் குப்பியின் மருந்தைச் சொட்டாக விட்டு, இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்தால், துணுக்குகள் ஜெல்லுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சந்துபொந்துகள் வழியே ஓட ஆரம்பிக்கும். சிறியது வேகமாக ஓடும். பெரியது பின்தங்கும். சாயம் எதுவும் போட வேண்டாம். தங்கம் அந்த அளவில் மாதுளை முத்தின் சிவப்பாக இருப்பதால் ஓட்டத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். எலக்ட்ரோபோரசிஸ் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை, எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்கிற மாதிரி எளிமையாக்கிக் கொடுத்தவள் உலகம்மாள். நாடு முழுக்கத் தங்க ஊசிக்கு இன்று அதுதான் அரசாங்கப் பரிசோதனை.

முதல் குழியில், ஒப்பிட்டுப் பார்க்க, சரியான அளவென்று தெரிந்த தங்கம். அடுத்தடுத்த குழிகளில் ஜெசிந்தாவின் குப்பிகள். சிவப்புக் கோடுகள் மெல்ல இறங்கி, எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல.

“பாத்தியா?” என்றாள் உலகம்மாள்.

ஜெசிந்தா குனிந்து ஜெல்லைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நல்லா இருக்கு உன் கோடு. வந்து ஆவுடையப்பனப் பாரு. அவங்கிட்டயும் இந்தக் கோட்டக் காட்டு.”

மறுநாள் காலை உலகம்மாள் வார்டுக்குப் போனாள். ஆவுடையப்பன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். நாற்பதைத் தாண்டாத உடம்பு, கட்டிலில் பாதியாகக் கிடந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள். வலது கால் மட்டும் அவ்வப்போது போர்வைக்குள் அழுந்தி அழுந்தி விலகியது.

“பிரேக் போடுதாவ” என்றாள் அவன் மனைவி பேச்சியம்மாள். தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் இஞ்ச் டேப்பு தொங்கியது, அதைக் கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். “பேரெல்லாம் மறந்துட்டு. என் பேரும் மறந்துட்டு. ஸ்டாப்பு பேரு மட்டும் வருது. பிள்ளைங்கள எறங்கச் சொல்லி சத்தம் போடுதாவ. நீங்க இருங்கம்மா. டாக்டரம்மா சொன்னாவ, ஊசியோட அளவெல்லாம் நீங்கதான் பாக்கியளாமே?”

“ஆமா.”

“அப்ப சரியாத்தான் இருக்கும். எங்க நேரந்தான் சரியில்ல.”

அந்த வார்த்தையில் ஒரு துளி குத்தல் இல்லை. அதுதான் உலகம்மாளைக் கொதிக்கவைத்தது. இந்தப் பெண் தன்னை நம்புகிறாள். கோடு சரியாக இருக்கிறது, மருந்து சரியாக இருக்கிறது, ஆகவே பிழை தன் தலையெழுத்தில்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். இவளுடைய தலையில் இந்தப் பழியைக் கொண்டுபோய் வைத்தது தான் கண்டுபிடித்த பரிசோதனை.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் ஒரு குப்பியை உடைத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினாள். பழுப்புக் கண்ணாடிக்குள்ளும் ஜெல்லின் மெல்லிய கோட்டிலும் தெரியாத நிறம் இப்போது தெரிந்தது. மாதுளைச் சிவப்பில்லை. ஓரத்தில் நாவல்பழச் சாயல் இருந்தது. துணுக்கு பெரிதாகப் பெரிதாகத் தங்கம் சிவப்பிலிருந்து நாவல் நிறத்துக்குச் சாயும். முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் கோடு சரியான இடத்தில் நின்றதே? பெரிய துணுக்கு எப்படிச் சிறியதோடு சேர்ந்து ஓடும்?

நின்றபடியே யோசித்தாள். பிறகு தூளை இரண்டு மடங்கு அள்ளிப் போட்டுக் கெட்டியாக ஒரு ஜெல் காய்ச்சினாள். தூள் கூடினால் ஜெல்லுக்குள் சந்துகள் குறுகும்.

இந்த முறை கோடுகள் சேர்ந்து வரவில்லை. அளவு தெரிந்த தங்கம் தன்பாட்டில் கீழே இறங்கியது. அரசுத் திட்டத்துக்குப் போன மருந்து குழியை விட்டுக் கொஞ்சதூரம் வந்து, கறுத்த நாவல் நிறத்தில் திணறிக்கொண்டு நின்றது. எத்தனை முறை செய்தாலும் அப்படியேதான் நின்றது.

இரண்டு ஜெல் தட்டையும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்தைவிட்டு வெளியேறினாள்.

சொர்ணதாராவின் ஆலைத் தலைவர் வரதன் சென்னைக்காரர். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. உலகம்மாள் கதவைத் தட்டாமல் உள்ளே போய் இரண்டு ஜெல்லையும் அவர் மேஜையில் வைத்தபோதும், “உட்காருங்கம்மா” என்றுதான் சொன்னார்.

“துணுக்குமேல பூசுற பூச்ச மாத்தியிருக்கீங்க. மின்சாரத்துக்கு அதிகமா இழுபடுற பூச்சு. பெரிய துணுக்குக்கு அதப் பூசிவிட்டா, லேசான ஜெல்லுல சின்னதுக்குச் சமமா ஓடிரும். அகலமான ரோட்டுல குண்டானவனுக்கு மோட்டார் வச்ச மாதிரி. சந்துக்குள்ள விட்டாத்தான் உடம்பு தெரியும். கெட்டி ஜெல்லுல தெரிஞ்சிருச்சு.”

வரதன் ஜெல்லைத் தொடவில்லை. “விதியில எந்த ஜெல் இருக்கு?”

“என்ன?”

“அரசாங்க விதியில. லேசான ஜெல்தானே? அதுல நம்ம மருந்து பாஸ்.”

உலகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முதலில் எழுதிக்கொடுத்த முறையில் இரண்டு ஜெல் இருந்தது. ஒன்று லேசானது, ஒன்று கெட்டியானது. இரண்டிலும் தேறினால்தான் மருந்து வெளியே போக வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய வேலை, ஏழை ஜனங்களுக்கு மருந்து தாமதமாகும் என்று உருக்கமாகப் பேசி இரண்டாவது ஜெல்லை எடுக்கவைத்தவர் வரதன். அன்று அவருக்கு இரக்கம் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

“அன்னைக்கே இதுக்குத்தானா?”

“அன்னைக்கு இல்ல. இந்த யோசனை அப்புறம் வந்தது.” அவர் குரல் மாறவேயில்லை. “சின்ன துணுக்கு செய்யறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். பாதிக்குமேல கழிச்சுக் கொட்டணும். திட்டத்துல குடுக்கற விலைக்கு அதைச் செய்ய முடியாது. முடியாதுன்னு நிறுத்தினா எல்லாரும் திட்டுவாங்க. அதனால தனியாருக்கு சுத்தமான சரக்கு, திட்டத்துக்கு இது. இதுலயும் தங்கம் இருக்கு, மருந்து இருக்கு. கொஞ்சமாவது உள்ளே போகும்.”

“எதுவுமே போகல வரதன் சார். எல்லாம் ஈரல்ல கெடக்கு. ஆளுங்க செத்துட்டிருக்காங்க.”

“மூளைக் கட்டி வந்தவங்கம்மா. எப்படியும்…”

அவர் முடிக்கவில்லை. முடிக்கவிடாமல் உலகம்மாள் மேஜையிலிருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துச் சுவரில் எறிந்தாள். கண்ணாடி சிதறிய சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வாழ்க்கையில் அவள் ஒரு பொருளைத் தூக்கி எறிந்தது அதுதான் முதல்முறை. காவலாளி வந்து அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டான். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான்.

வாசலில் நின்றே ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள். “நீ சொன்னது சரிட்டி. தவிடுதான்.”

ஜெசிந்தா அன்றைக்கே ஊசியை நிறுத்தினாள். மேலிடத்துக்குச் சொன்னாள். மேலிடம், விதிப்படி மருந்து தேறியிருக்கிறது, ஒரு டாக்டர் தன்னிச்சையாக நிறுத்த முடியாது என்றது. சொர்ணதாரா ஒரு அறிக்கை விட்டது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் வன்மத்தில் வதந்தி பரப்புகிறார் என்று அதில் இருந்தது. தொலைக்காட்சியில் ஒருவர், தமிழச்சி கண்டுபிடித்த பரிசோதனையைத் தமிழச்சியே பழிக்கிறாளே என்று வருத்தப்பட்டார். உலகம்மாள் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் ஜெசிந்தா. போகலாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் இன்னும் எத்தனை பேருக்கு ஊசி ஏறும்? உலகம்மாள் வேறு வழி பார்த்தாள். பரிசோதனைப் பெட்டி ஏற்கெனவே ஊரூராக எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. தூளும் இருக்கிறது. தொழில்நுட்பர்களில் பாதிப் பேர் அவளிடம் பயிற்சி எடுத்தவர்கள். போனை மேஜையில் சாய்த்துவைத்து, தானே ஜெல் காய்ச்சுவதைப் படம் பிடித்தாள்.

“என்னை நம்பாதீங்க. கம்பெனியையும் நம்பாதீங்க. எப்பவும் போடுறதுல ரெண்டு பங்கு தூள் போடுங்க. உங்க ஆஸ்பத்திரியில இருக்கிற குப்பிய அதுல ஓட்டுங்க. உங்க கண்ணால பாருங்க. பாத்தத எல்லாருக்கும் காட்டுங்க.”

அவ்வளவுதான் பேசினாள். அழவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை.

தென்காசியிலிருந்து முதல் படம் வந்தது. பிறகு ராமநாதபுரம். பிறகு அரியலூர், கிருஷ்ணகிரி. அடுத்து எல்லை தாண்டிப் பாலக்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தன. எல்லாப் படத்திலும் ஒரே காட்சி. ஒரு சிவப்புக் கோடு கீழே. பக்கத்திலேயே, மேலே, நாவல் நிறத்தில் நகர மறுத்த திட்டு. வார்டுகளில் காத்திருந்தவர்கள் அந்தப் படங்களைப் போனில் பார்த்தார்கள். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்கள் குப்பிகளைக் குவித்துப்போட்டு மறியல் செய்தார்கள். அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணைக் குழு அமைத்தது. ஊசி எல்லா இடத்திலும் நிறுத்தப்பட்டது, திட்டத்தில் மட்டும். தனியார் குப்பிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. அவை நல்ல சரக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உலகம்மாளின் கோபம் தணியவில்லை. ஆவுடையப்பனுக்குப் போட்டதை வெளியே எடுக்க வழி கிடையாது. ஜெசிந்தா தன் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஒரு மூலையை அவளுக்குக் கொடுத்திருந்தாள். விசாரணைக்காக உலகம்மாள் அங்கே உட்கார்ந்து குப்பி குப்பியாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் வரதன் நின்றார்.

முகம் சவரம் செய்யாமல் இருந்தது. காவலாளி இல்லை, வக்கீல் இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு குப்பியை எடுத்து நீட்டினார்.

“இதை அந்தக் கெட்டி ஜெல்லுல ஓட்டிச் சொல்லுங்கம்மா.”

உலகம்மாள் வாங்கிப் பார்த்தாள். தனியார் ஆஸ்பத்திரி குப்பி. நீல மூடி.

“இது நல்ல சரக்குதானே? நீங்கதானே சொன்னீங்க.”

“என் வீட்டம்மாவுக்குப் போட்டுட்டிருக்காங்க.” என்றார். “இந்த வருஷம்தான் கட்டின்னு தெரிஞ்சது. நல்லாகிடும்னு சொன்னேன். நம்ம மருந்துதான், நானே பார்த்து அனுப்பறேன்னு சொன்னேன். ஸ்கேன்ல கட்டி கொஞ்சமும் குறையல. நம்ம லேப்ல கேட்டா கோடு சரியா இருக்குன்றாங்க.”

அவரை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல இருந்தது உலகம்மாளுக்கு. ஒரு கணம் கதவைப் பார்க்கவும் செய்தாள். ஆனால் அந்தக் குப்பி போகும் உடம்பு இவருடையது இல்லை. அவள் ஜெல்லைக் காய்ச்சினாள். உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

மின்சாரம் ஓடியது. அளவு தெரிந்த தங்கம் இறங்கியது. வரதனின் குப்பி இறங்கவில்லை.

அவர் குனிந்து தட்டின்மேல் முகத்தை வைத்துப் பார்த்தார். “இது தனியார் பேட்ச்” என்றார். மறுபடியும், “இது தனியார் பேட்ச்” என்றார்.

“உங்களுக்கு மேல இருக்கிற முதலாளிங்களுக்கும் அதே கணக்குத் தோணியிருக்கு. திட்டத்துக்கு ஓடுற கோடு தனியாருக்கும் ஓடுமேன்னு.”

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.”

“பாதி தெரியும். அந்தப் பாதியே போதும். வாங்க.”

“எங்கே?”

“மாடிக்கு. எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லுங்க.”

அவர் மறுக்கவில்லை. படியேறி வார்டுக்குள் போனார்கள். பேச்சியம்மாள் கணவனின் வாயில் கஞ்சியை ஸ்பூனால் விட்டுக்கொண்டிருந்தாள். பாதி வெளியே வழிந்தது. உலகம்மாள், இவர் யார் என்று சொன்னாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. வரதன்தான் பேச வேண்டியிருந்தது. எந்த மருந்தை யாருக்கு அனுப்பினோம், தெரிந்துதான் அனுப்பினோம், இப்போது தன் மனைவிக்கும் அதே மருந்து ஏறியிருக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அடிக்க வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேச்சியம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ஒங்க வீட்டுல வரலைன்னா, நீங்க இங்க வந்திருப்பியளா?”

வரதன் தரையைப் பார்த்தார். உலகம்மாள் அவர் பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

“வந்திருக்க மாட்டேன்.”

“அத அந்த விசாரணையில போய்ச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க. மத்த கதையெல்லாம் பெறவு சொல்லுங்க.” அவள் குரல் உயர்ந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. “ஒங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு மஞ்சளாயிட்டா?”

“இன்னும் இல்ல.”

“இல்லையா? பெறவு இங்க எதுக்கு நிக்கிய? போய் அந்த ஊசிய நிறுத்துங்க! போங்க!”

வரதன் ஓடினார். அந்த வயதில் படியில் அப்படி இறங்கி ஓடும் ஆளை உலகம்மாள் பார்த்ததில்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வராததற்காக வெட்கமும் வரவில்லை.

ஆவுடையப்பன் விசாரணைக்கு முந்தின வாரம் இறந்துபோனான். பேச்சியம்மாள் கறுப்புப் புடவையோ வெள்ளைப் புடவையோ கட்டிக்கொள்ளாமல், தானே தைத்த ரவிக்கையும் தினமும் கட்டும் சேலையுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜெசிந்தா. அந்தப் பக்கம் உலகம்மாள், மடியில் துணி போட்டு மூடிய ஜெல் தட்டுகளோடு.

கம்பெனி வக்கீல்கள் ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள். விதிப்படி பரிசோதனையில் தேறிய மருந்துக்குக் குற்றம் சொல்ல இடமில்லை என்பது அவர்கள் வாதம். அதை அழகாகத்தான் சொன்னார்கள். அடுத்து வரதனைக் கூப்பிட்டார்கள். வக்கீல்களில் ஒருவர் எழுந்து, இவர் எங்கள் தரப்புச் சாட்சி என்றார்.

வரதன் கூண்டுக்குள் ஏறினார். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெயரும் பதவியும் சொல்லுங்கள் என்றார்.

அவர் பெயரைச் சொல்லவில்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு, “என் மனைவிக்கு இந்த நோய் வராம இருந்திருந்தா, நான் இங்கே வேற மாதிரி பேசியிருப்பேன்” என்று ஆரம்பித்தார்.

கம்பெனி வக்கீல்கள் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். பேச்சியம்மாள் மட்டும் அசையாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.